மனப்பாடம் வேண்டாம், கணக்குத் தெரிந்தால் போதும்! 118 தனிமங்களின் கதை

இரவு மணி 11. தெரு தூங்கிவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. உள்ளே இருந்து ஒரு குரல் கேட்கிறது.

"லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், பிரான்சியம்..."

திண்ணையில் படுத்திருக்கும் பாட்டி கேட்கிறாள்: "என்னடா அது, மந்திரமா?"

மந்திரம் அல்ல. ரசாயனப் பாடம்! பேரன் "நீட்" தேர்வுக்குப் படிக்கிறான். அவன் எதிரே சுவரில் ஒரு படம் தொங்குகிறது. அதில் 118 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர், ஓர் எண். அத்தனையையும் உருப்போட வேண்டும் என்று அவன் நினைக்கிறான். இரவில் படிப்பது காலையில் மறந்துபோகிறது. மறுபடியும் உருப்போடுகிறான்.

இந்தக் காட்சி இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. 2025-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி நடந்த நீட் தேர்வை 22 லட்சத்துக்கும் அதிகமான மாணவ-மாணவிகள் எழுதினார்கள். மொத்தம் 180 கேள்விகள். அவற்றில் 45 ரசாயனக் கேள்விகள். சரியான விடைக்கு 4 மார்க். தவறான விடைக்கு ஒரு மார்க் குறைப்பு.

நீட் தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்பது தனி வழக்கு. அதை இங்கே பேசப்போவது இல்லை. தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருக்கிறது. அதன் கையில் இருக்கும் அட்டவணையைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். இந்த அட்டவணை பிறந்ததே மாணவர்களின் மனப்பாடச் சுமையைக் குறைப்பதற்காகத்தான்!

உப்பில் இருந்து தொடங்குவோம்

தனிமம் என்றால் என்ன?

எவ்வளவு பிரித்தாலும் வேறு பொருளாகப் பிரிக்க முடியாத அடிப்படைப் பொருளே தனிமம். இரும்பு ஒரு தனிமம். தாமிரம் ஒரு தனிமம். தங்கமும் வெள்ளியும் தனிமங்கள். பித்தளைக் குடம் தனிமம் அல்ல. அது தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த கலவை.

சமையல் உப்பும் தனிமம் அல்ல. அதில் இரண்டு தனிமங்கள் இருக்கின்றன. ஒன்று சோடியம். தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் உலோகம் அது. மற்றொன்று குளோரின். அது விஷ வாயு. இந்த இரண்டும் சேர்ந்தால், நாம் சோற்றில் போட்டுச் சாப்பிடும் உப்பு!

இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்காகக் கடைகளில் "சோடியம் குறைந்த உப்பு" விற்கிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாக எதைச் சேர்க்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் பொட்டாசியத்தை. ஏன் பொட்டாசியம்? அட்டவணையைப் பாருங்கள். சோடியத்துக்கு நேர் கீழே இருக்கிறது பொட்டாசியம். மேல்வீட்டுக்காரரின் குணம் கீழ்வீட்டுக்காரருக்கும் இருக்கிறது. (சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பைச் சாப்பிடக் கூடாது.)

அட்டவணையின் ரகசியம் இதுதான். மேலும் கீழுமாக ஒரே வரிசையில் இருப்பவர்கள் ஒரே குடும்பத்தார். இதைக் "குழு" என்பார்கள். மொத்தம் 18 குழுக்கள். இடமிருந்து வலமாகச் செல்லும் வரிசைக்கு "தொடர்" என்று பெயர். மொத்தம் 7 தொடர்கள்.

ஒரு தாயின் பயணம்

இந்த அட்டவணையைத் தந்தவர் ரஷிய விஞ்ஞானி மெண்டலீவ். சைபீரியாவில் தொபோல்ஸ்க் என்ற ஊரில் 1834-ம் ஆண்டு பிறந்தார். பெரிய குடும்பம். இவர்தான் கடைக்குட்டி.

தந்தைக்குக் கண் பார்வை போய்விட்டது. தாய் மரியா ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1847-ல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு தொழிற்சாலையும் தீயில் எரிந்துபோனது.

அந்தத் தாய் மனம் உடைந்துவிடவில்லை. "பையன் கெட்டிக்காரன். அவனைப் படிக்க வைத்தே தீருவேன்" என்று புறப்பட்டார். ஆயிரக்கணக்கான மைல் பயணம். மாஸ்கோவில் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போனார். அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 1850-ம் ஆண்டு இடம் கிடைத்தது. மகனைச் சேர்த்துவிட்டு, அதே ஆண்டில் அந்தத் தாய் கண் மூடினார்.

கல்லூரியில் ஓர் இடத்துக்காகப் பெற்றோர் அலைவது இன்று நேற்று வந்தது அல்ல!

மெண்டலீவ் பேராசிரியர் ஆனார். மாணவர்களுக்காக ஒரு ரசாயனப் பாட நூல் எழுத உட்கார்ந்தார். அப்போது தெரிந்திருந்த தனிமங்கள் 63. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனால் மாணவர்கள் எப்படி நினைவில் வைப்பார்கள்? ஓர் ஒழுங்கு வேண்டாமா? அந்த ஒழுங்கைத் தேடியபோது பிறந்ததுதான் இந்த அட்டவணை. ஆண்டு 1869.

காலியாக விட்ட கட்டங்கள்

மெண்டலீவ் தனிமங்களை எடைப்படி வரிசையாக வைத்தார். ஒத்த குணம் உள்ளவை ஒரே குடும்பத்தில் வரும்படி அமைத்தார். சில இடங்களில் குணம் பொருந்தவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் ஏதாவது ஒன்றை அங்கே திணித்திருப்பார். மெண்டலீவ் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டார். "இங்கே வர வேண்டிய தனிமத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை" என்றார். அது எப்படி இருக்கும் என்றும் 1871-ல் எழுதி வைத்தார். அலுமினியத்துக்கு அடுத்த காலிக் கட்டத்துக்கு "ஏக அலுமினியம்" என்று பெயரிட்டார். "ஏக" என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு "ஒன்று" என்று பொருள்.

நாலே ஆண்டுகள். 1875-ல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி ஒருவர் அந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்தார். அதுதான் கேலியம். அதன் அடர்த்தி 4.7 என்று அவர் அறிவித்தார். "இல்லை, 5.9 இருக்க வேண்டும். நன்றாகச் சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள்" என்றார் மெண்டலீவ். கேலியத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் அவர்! மறுபடி அளந்தார்கள். 5.9 வந்தது!

1879-ல் ஸ்காண்டியம் கிடைத்தது. 1886-ல் ஜெர்மானியம் கிடைத்தது. இரண்டும் காலிக் கட்டங்களில் கச்சிதமாகப் பொருந்தின.

ஓரிடத்தில் எடைக்கணக்கு உதைத்தது. டெல்லூரியம் எடை கூடியது. அயோடின் எடை குறைந்தது. ஆனால் குணத்தைப் பார்த்தால் டெல்லூரியம்தான் முன்னே வர வேண்டும். மெண்டலீவ் குணத்தையே நம்பினார். அவர் செய்தது சரி என்பதை 1913-ல் மோஸ்லி என்ற ஆங்கிலேய இளைஞர் காட்டினார். தனிமங்களை வரிசைப்படுத்துவது எடை அல்ல, அணு எண்தான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அணுவின் நடுவில் உள்ள கருவில் எத்தனை புரோட்டான்கள் இருக்கின்றனவோ, அதுவே அணு எண். மோஸ்லி முதல் உலகப் போரில் 1915-ல் உயிர் இழந்தார். அப்போது அவருக்கு வயது 27.

நாள்காட்டி போல ஒரு கணக்கு

வீட்டில் மாத நாள்காட்டி தொங்குகிறதா? அதைப் பாருங்கள். 1-ந் தேதி ஞாயிறு என்றால், 8-ந் தேதியும் ஞாயிறு. 15-ந் தேதியும் ஞாயிறு. ஏழு நாளுக்கு ஒருமுறை அதே கிழமை திரும்பி வருகிறது. இப்படித் திரும்பி வருவதற்குத்தான் "ஆவர்த்தனம்" என்று பெயர். பாடப் புத்தகம் இந்தப் படத்தை "ஆவர்த்தன அட்டவணை" என்று சொல்வது அதனால்தான்.

ஒரே ஒரு வித்தியாசம். நாள்காட்டியில் எல்லா வாரமும் 7 நாள். தனிம அட்டவணையில் "வாரம்" நீண்டுகொண்டே போகும். ஏழு தொடர்களின் நீளம்: 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டிப் பாருங்கள். 118 வருகிறதா?

இந்த ஏழு எண்களை மட்டும் நினைவில் வையுங்கள். மற்றவை தாமாக வரும்.

ஹைட்ரஜனின் அணு எண் 1. அத்துடன் 2 கூட்டினால் 3, லித்தியம். 8 கூட்டினால் 11, சோடியம். இன்னும் 8 கூட்டினால் 19, பொட்டாசியம். 18 கூட்டினால் 37, ருபீடியம். மறுபடி 18 கூட்டினால் 55, சீசியம். 32 கூட்டினால் 87, பிரான்சியம்.

திண்ணைப் பாட்டி கேட்ட "மந்திரம்" முழுவதும் வந்துவிட்டது!

அட்டவணையின் கடைசிக் குடும்பம் மந்த வாயுக்கள். ஒவ்வொரு தொடரும் அங்கேதான் முடிகிறது. அவற்றின் எண்கள் 2, 10, 18, 36, 54, 86, 118. இவற்றை மைல்கற்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

35 என்ற எண் யாருடையது? 36-க்கு ஒன்று குறைவு. ஆகவே 18-ம் குழுவுக்கு ஒன்று முன்னால், அதாவது 17-ம் குழு. நான்காம் தொடர். அது புரோமின்.

56? 54-ஐத் தாண்டி இரண்டு. ஆகவே 2-ம் குழு, ஆறாம் தொடர். அது பேரியம்.

இரும்பின் எண் 26. 18-ஐத் தாண்டி எட்டு. இரும்பு இருப்பதும் 8-ம் குழுவில்தான். (நடுப்பகுதியில் இப்படி நேராக எண்ணுவது நான்காம், ஐந்தாம் தொடர்களுக்குப் பொருந்தும். அவற்றுக்குக் கீழே 14 தனிமங்கள் தனியாக எடுத்து வைக்கப்பட்டுள்ளன.)

2017-ம் ஆண்டு நீட் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. அணு எண் 114 உள்ள தனிமம் எந்தக் குடும்பம்? பெயரைக் கேள்விப்படாத மாணவர்கள் திகைத்தார்கள். கணக்குப் போடுங்கள். 118-க்கு நான்கு குறைவு. 18-ல் நான்கு போனால் 14. அது கார்பன் குடும்பம். அரை நிமிடத்தில் 4 மார்க்!

புத்தகத்தில் இருந்து போன பாடம்

இந்த அட்டவணை அண்மையில் நாடு முழுவதும் பேச்சுக்கு உள்ளானது.

கொரோனாவுக்குப் பிறகு மாணவர்களின் சுமையைக் குறைப்பதாக என்.சி.இ.ஆர்.டி. அறிவித்தது. 2023-ம் ஆண்டு வெளிவந்த அதன் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், தனிம அட்டவணைப் பாடம் இல்லை. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கண்டித்தார்கள். வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளும் எழுதின. "பாடத்தை ஒழித்துவிடவில்லை. பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது" என்று என்.சி.இ.ஆர்.டி. பதில் கூறியது.

அந்தப் பதில் உண்மைதான். ஆனால் விளைவு என்ன?

பத்தாம் வகுப்போடு விஞ்ஞானத்தை விட்டுக் கணக்குப் பதிவியலுக்கோ வரலாற்றுக்கோ போகும் பிள்ளை, அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தால் அட்டவணையைப் பார்க்காமலே போய்விடும். விஞ்ஞானம் எடுக்கும் பிள்ளை பதினோராம் வகுப்பில்தான் அதைச் சந்திக்கும். நுழைவுத் தேர்வுப் பயிற்சி தொடங்குவதும் அப்போதுதான். அறிமுகம் ஆகும்போதே பரீட்சைப் பயமும் சேர்ந்து வருகிறது. ஆற அமரப் புரிந்துகொள்ள நேரம் எங்கே? "உருப்போடு!" என்ற கட்டளைதான் மிச்சம்.

2019-ல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இந்தப் பாடம் இருக்கிறது. அதைப் படித்த பிள்ளைகளுக்கு அது ஒரு வசதி. அந்தப் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பதினோராம் வகுப்புப் பாடத்துக்கு அது நல்ல படிக்கட்டு.

2024-ம் ஆண்டு நீட் தேர்வுக்காகப் பாடத்திட்டத்தைக் குறைத்தபோது ஹைட்ரஜன் போன்ற சில ரசாயனப் பாடங்களை எடுத்தார்கள். அட்டவணையை எடுக்கவில்லை.

தேர்வில் என்ன கேட்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு செய்திகளைச் சுற்றியே கேள்விகள் வருகின்றன.

முதலாவது, அணுவின் பருமன். ஒரு குடும்பத்தில் கீழே போகப்போக அணு பெருக்கிறது. வெங்காயத்துக்கு ஒரு தோல் கூடினால் பருக்கும் அல்லவா? அதுபோல ஒவ்வொரு தொடருக்கும் ஒரு சுற்று எலெக்ட்ரான் கூடுகிறது. ஆனால் ஒரே தொடரில் இடமிருந்து வலமாகப் போனால் அணு சிறுக்கிறது. சுற்று கூடவில்லை. நடுவில் இருந்து இழுக்கும் புரோட்டான்கள் மட்டும் கூடுகின்றன. இழுப்பு கூடினால் சுற்று உள்வாங்கத்தானே செய்யும்?

இரண்டாவது, எலெக்ட்ரானைப் பிரித்து எடுக்க ஆகும் சக்தி. திருவிழாக் கூட்டத்தில் தாயின் கையை இறுகப் பிடித்த குழந்தை தொலையாது. எட்டி நடக்கும் குழந்தைதான் தொலையும். அதுபோல, பெரிய அணுவின் வெளிச்சுற்று எலெக்ட்ரான் எளிதில் போய்விடும். சிறிய அணுவில் இருந்து எடுப்பது கடினம்.

இவ்வளவுதானா? இல்லை. விதிக்கு விலக்கு எங்கே இருக்கிறதோ, அங்கேதான் கேள்வியும் இருக்கிறது!

விதிப்படி பார்த்தால் நைட்ரஜனை விட ஆக்சிஜனில் இருந்து எலெக்ட்ரானை எடுப்பது கடினமாக இருக்க வேண்டும். நடப்பது தலைகீழ். நைட்ரஜனுக்குத் தேவை 1402 கிலோஜூல். ஆக்சிஜனுக்கு 1314 போதும். ஏன்?

டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். இருவர் உட்காரும் மூன்று சீட்டுகள். முதலில் வரும் மூவரும் ஆளுக்கு ஒரு சீட்டில் சன்னல் ஓரம் உட்காருவார்கள். யாருக்கும் நெருக்கடி இல்லை. அதுதான் நைட்ரஜன். நாலாவது ஆள் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அதுதான் ஆக்சிஜன். நெருக்கடியில் உட்கார்ந்தவர் முதலில் எழுந்து போவார். இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு 1402, 1314 என்ற எண்கள் மறந்தாலும் பாதகம் இல்லை. விடை மறக்காது.

இன்னொரு விலக்கு. சிர்கோனியத்துக்குக் கீழே ஹாஃப்னியம். கீழே இருப்பது பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன். இரண்டுக்கும் நடுவே அந்த 14 தனிமங்கள் புகுந்துவிட்டன. அவை வரும்போது கருவின் இழுப்பு கூடுகிறது. புதிதாக வந்த எலெக்ட்ரான்களால் அந்த இழுப்பை நன்றாகத் தடுக்க முடியவில்லை. எனவே ஹாஃப்னியம் சுருங்கிவிடுகிறது.

மணவாளக்குறிச்சி மணல்

"இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானே?" என்று கேட்கலாம். இல்லை.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் மணல் ஆலை இருக்கிறது. அந்தக் கடற்கரை மணலில் சிர்கான் என்ற தாது கிடைக்கிறது. அதில் சிர்கோனியமும் இருக்கும், கொஞ்சம் ஹாஃப்னியமும் இருக்கும். ஒரே பருமன் அல்லவா? அதனால் இயற்கையில் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன.

அணுமின் நிலையத்தில் யுரேனியத்தை அடைக்கும் குழாய்க்குச் சிர்கோனியம் வேண்டும். அதில் ஹாஃப்னியம் இருந்தால் நியூட்ரான்களை விழுங்கிவிடும். இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் இதற்கென்றே சிர்கோனியத் தொழிற்சாலை இருக்கிறது. மாணவன் நாலு மார்க்குக்காகப் படிக்கும் அந்த ஒரு வரி, இங்கே ஒரு தொழிற்சாலையாக நிற்கிறது!

அதே மணலில் மோனசைட் என்ற தாதுவும் உண்டு. அதில் இருப்பவை "அருமண்" தனிமங்கள். அட்டவணைக்குக் கீழே தனியாக இரண்டு வரிசைகள் உண்டு அல்லவா? அவற்றில் மேல் வரிசைதான் இவர்களின் முக்கிய வீடு. மின்சார வாகனத்தின் மோட்டாரில் உள்ள சக்தி வாய்ந்த காந்தத்துக்கு இவை வேண்டும். 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. உலகமே பரபரப்பு அடைந்தது. காந்தம் கிடைக்காமல் இந்திய வாகனக் கம்பெனிகளும் கவலைப்பட்டன.

மண் நம்மிடம் இருந்தும் ஏன் இந்தக் கவலை? இவை குணத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கின்றன. ஒன்றில் இருந்து மற்றொன்றைப் பிரிப்பது மிகவும் கடினம். பிரித்து, சுத்தம் செய்து, காந்தமாக்கும் தொழிலில் சீனா முந்திவிட்டது. அந்த வேலைக்கு ரசாயனம் புரிந்தவர்கள் வேண்டும். அட்டவணையை உருப்போட்டவர்களால் அது முடியாது.

பெற்றோர்கள் என்ன செய்யலாம்?

"எங்களுக்கு ரசாயனம் தெரியாதே" என்று பெற்றோர்கள் வருந்த வேண்டாம். பெரிய பணச்செலவு இல்லாத வழி ஒன்று இருக்கிறது.

ஒரு வெள்ளைத் தாளில் காலிக் கட்டங்களை மட்டும் போடச் சொல்லுங்கள். ஏழு தொடர், பதினெட்டு குழு. வாரம் ஒருமுறை, புத்தகத்தைப் பார்க்காமல், பிள்ளை அதை நிரப்பட்டும். முதல் வாரம் 20 கட்டம் நிரம்பும். அடுத்த வாரம் 36. தெரியாத கட்டத்தைக் காலியாகவே விடட்டும். காலியைப் பார்த்தால்தான் எதைப் படிக்க வேண்டும் என்பது தெரியும். தேர்விலும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு தவறான விடை போட்டால் ஒரு மார்க் போகும். விட்டுவிட்டால் நஷ்டம் இல்லை.

பிறகு நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். விடை சரியா, தவறா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியது இல்லை. பிள்ளை தடுமாறாமல் சொன்னால் புரிந்திருக்கிறது. தடுமாறினால், அந்த ஒரு கட்டத்தை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும்.

நீட்டில் எல்லோருக்கும் இடம் கிடைக்காது. எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில். இடங்கள் குறைவு. ஆனால் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் இந்த அட்டவணை உதவும். உரம் வாங்கும்போதும், மருந்துச் சீட்டைப் படிக்கும்போதும், தொழிற்சாலையில் வேலை பார்க்கும்போதும் அது துணைக்கு வரும்.

இன்று இரவு உங்கள் வீட்டிலும் 11 மணிக்கு விளக்கு எரியலாம். "லித்தியம், சோடியம்" என்று குரல் கேட்கலாம். பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

"சோடியத்துக்குக் கீழ் வீடு யாருடையது தம்பி? அவர்கள் ஏன் ஒரே குடும்பம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் வந்தால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். பாடம் முடிந்தது!